பின்பக்கம்

ஞாயிறு மாலை. கிளாக்ஸ்விக்கில் எந்தக் கடையும் திறந்திருக்காது.
விடியற்காலை நாலரைக்குப் படகு கிளம்பியாக வேண்டும்.
மீன் குடல் எடுக்கும் மேசையில்
தாங்கி பிய்ந்து தொங்குகிறது.
புதிதாக நாலு துளை வேண்டும். எவர்சில்வர் தகடு,
எட்டு மில்லிமீட்டர் கனம்.

மூன்றை நான் போட்டுவிடுவேன்.
நாலாவதை ஹொக்னி தொடங்கி வைத்திருக்கிறான்.

தொடங்கியது என்பதா அதை?
சுண்டுவிரல் நகமளவு ஒரு குழி.
அதன் அடியில் கண்ணாடிப் பளபளப்பு.
பக்கத்தில் மூன்று பிட்டுகள்,
விஷம் குடித்தவைபோல் முனை நீலம் பாரித்து.
"முழு வேகத்துலதான் விட்டேன்," என்கிறான்.
என்ஜினைப் பிரித்துக் கண்ணை மூடிக்கொண்டு பூட்டுகிறவன்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த உலோகத்தின் குணம் அப்படி.
வெட்டினால் வெட்டுப்படும்,
தேய்த்தால் இறுகும்.
பாதியில் ஒரு வினாடி கை தளர்ந்து
முனை வெறுமனே சுற்றினால் போதும்,
சுற்றிய இடம் தன்மேல் ஒரு தோல் போர்த்துக்கொள்ளும்.
பிறகு கெஞ்சினாலும் திறக்காது.
மரத்தில் பழகிய கை
மெல்லத் தொட்டுப் பார்க்கும், அனுமதி கேட்பதுபோல.
இங்கே கேட்கக் கூடாது.

எண்ணெய் டின்னைக் கவிழ்த்தேன்.
ஒரு ஸ்பூன் வந்தது, அதிலும் பாதி துரு.
"சமையலறையில என்ன இருக்கு?"
மார்யுன் ஃப்ரிட்ஜைத் திறந்து
நாளைய மீனின்மேல் உருக்கி ஊற்ற வைத்திருந்த
ஆட்டுக் கொழுப்புக் கட்டியை எடுத்துத் தந்தாள்,
ஒரு நிபந்தனையோடு: மிச்சம் திரும்ப வேண்டும்.

சென்டர் பஞ்ச். ஒரே அடி.
டிரில்லை மிகத் தாழ்ந்த கியருக்கு மாற்றினேன்.
பிட்டின் உதட்டில் கொழுப்பு.
தோள், இடுப்பு, குதிகால்
எல்லாவற்றையும் அந்த முனையின் பின்னால் நிறுத்தினேன்.

கிறீச்சிட்டால் தோற்றோம்.
கிறீச்சிடவில்லை.
கரகரவென்று, ரொட்டியின் மேலோட்டை அறுப்பதுபோல.
இரண்டு பள்ளங்களிலிருந்தும் சுருள்கள் எழுந்தன,
வைக்கோல் நிறம், நீளமாக, சூடாக.
புகையில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டின் வாசனை.
ஐஸ் அள்ளிக்கொண்டிருந்த பையன்கள் இரண்டு பேர்
தட்டு எங்கே என்று இறங்கி வந்தார்கள்.
ஒன்று. இரண்டு. மூன்று.
மறுபக்கம் உடைகிற கணத்தில் மட்டும்
கையை இழுத்துப் பிடிக்க வேண்டும்.
அப்போதுதான் அது பிட்டைக் கடித்து முறுக்கும்.

நாலாவது குழியில் வைத்தேன்.
ஒரு மூச்சுதான். கீச்.
எடுத்துவிட்டேன்.

ஹொக்னி காத்திருந்தான், நான் திட்டுவதற்கு.
திட்டினால் அவனும் இறுகுவான்,
போன மாசிமாதக் குளிரில் வின்ச் கேபிள் விஷயத்தில் இறுகினானே,
ஆறு வாரம் பேச்சில்லை.
"மேசைக்கு அடியில போக வழி இருக்கா?" என்றேன்.

இருந்தது, கன்வேயருக்குக் கீழே,
ஒரு நாய் படுக்கும் அகலம்.
முதுகில் உருகிய ஐஸ் நீர், காதருகே பழைய செதில்கள்.
அளவெடுத்து, குழிக்கு நேர் பின்னால் புள்ளி குத்தினேன்.
இந்தப் பக்கத்தை யாரும் தொட்டதில்லை.
இந்தப் பக்கத்துக்கு எந்தக் கோபமும் இல்லை.

மேல்நோக்கித் தள்ளுவதற்கு என் கை போதாது.
"கால் பலகையைக் குடு. நெம்பு."
அவன் பலகையின் மறுமுனையில் உட்கார்ந்தான்,
தொண்ணூறு கிலோ, முனகாமல்.
கொழுப்பு உருகி மணிக்கட்டு வழியாக அக்குளுக்குள் ஓடியது.
சுருள்கள் கண்ணாடியில் விழுந்தன, கழுத்திலும் இரண்டு.
"விடாதே," என்றேன். "நான் கத்தினாலும் விடாதே."
கத்தினேன். விடவில்லை.

பிறகு ஒரு டொக்.
அந்த இறுகிய தோல்
சின்னஞ்சிறு வட்டமாக மேலே கழன்று
மேசையில் உருண்டது கேட்டது.
என் முகத்தில் பட்டாணியளவு வெளிச்சம்.
அதில் ஹொக்னியின் கண், குனிந்து பார்த்தபடி.

நாலு போல்ட். நாலும் நேராக இறங்கின.
மார்யுன் மிச்சக் கொழுப்பை எடை போட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

வீட்டில் மூன்று முறை தலை அலசினேன்,
பூனை இன்னும் என்னைத் தொடர்கிறது.
தூங்கப் போகுமுன்
பிட்டைக் கட்டைவிரல் நகத்தில் இழுத்துப் பார்த்தேன்.
மெல்லிய ஒரு சீவல் எழுந்தது.